மூன்று வவுச்சர்களும் ஒரு வியாழக்கிழமையும்

1

இன்று காலை ஆறு நாற்பதுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மனைவி செல்விக்குக் கொடுக்கப்பட்டிருந்த பயண வவுச்சர் நேற்றோடு காலாவதியாகிவிட்டதாம். மீண்டும் எங்களோடு பறக்க வாருங்கள் என்று கடைசி வரியில் அழைத்திருந்தார்கள்.

செல்வியிடம் காட்டினேன். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சமையல் வேலை.

"என்னுது போனா போகட்டும். லீவு குடுத்தாங்களா, போறதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

எங்கள் குடும்பத்துக்கு அந்த விமான நிறுவனம் கொடுத்த வவுச்சர்கள் மூன்று. ஒன்றில் மகள் லங்காவித் தீவுக்குப் போய்வந்தாள். ஒன்றில் நான் ஊருக்குப் போய்வந்தேன். மூன்றாவது நேற்று முடிந்தது. இனி யாருக்கும் யாரும் பாக்கியில்லை என்று அவர்கள் கோப்பை மூடியிருப்பார்கள். நான் மூட முடியாமல் இதை எழுதுகிறேன்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். மலேசியாவுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு மேற்பார்வை வேலை. பெட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்த்து, முதலில் முடியப்போவதை முதலில் அனுப்புவது என் பொறுப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளில் தேதி தவறிய ஒரு பெட்டிகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது தேவைப்படுகிறது.

2

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, வந்தவாசியிலிருந்து தம்பி சேகர் கூப்பிட்டான். சமையலறைச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழரை.

"அண்ணா, அப்பா போயிட்டாரு. பத்து நிமிஷம் ஆச்சு."

அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதே அவர் உத்தியோகம். குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அன்று காலை, அழுவதற்கு முன்பே நோட்டை எடுத்து எழுதினேன்: திங்கள், காலை 7.20.

பகல் இரண்டேகால் விமானத்தில் மூன்று இடம் கிடைத்தது. ஐஸ் பெட்டி வைத்திருப்பதாகவும், மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேகர் சொன்னான். மூத்த மகன் நான். கொள்ளி வைக்க வேண்டியவன்.

செப்பாங் விமான நிலையத்தில் முதலில் ஐந்து மணி என்றார்கள். பிறகு எட்டு மணி. ஆளுக்கொரு பெட்டி நாசி லெமாக் சோறு கொடுத்தார்கள். எட்டு மணிக்கு, மறுநாள் மாலை ஆறு மணி என்று பலகையில் மாறியது. முகப்பில் இருந்த பெண் தமிழ்ப்பிள்ளை. என் மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், நான் என்ன பண்ண முடியும் லா? சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது."

"எங்கப்பா இறந்துட்டாரும்மா."

அவள் எழுந்து நின்றாள். "ஐயோ சாரி அங்கிள்" என்றாள். வேறு விமானங்களில் எல்லாம் தேடினாள். இடமில்லை. கடைசியில் இணைய முகவரி அச்சிட்ட ஒரு தாளை நீட்டினாள். "கம்ப்ளெயின் எழுதுங்க அங்கிள். ஏதாச்சும் குடுப்பாங்க."

செவ்வாய்க்கிழமை மதியம் வரை காத்திருந்தார்கள். அதற்குமேல் வைக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சேகர் என்னிடம் கேட்டான். "எடுத்துடு" என்றேன். விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன சொல் அது. நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது வாசல் கழுவி விட்டிருந்தது. மழித்த தலையோடு தம்பி கதவைத் திறந்தான். "வாண்ணா" என்றான். "முடிஞ்சிடுச்சி" என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புறப்படும்போது ஒன்று சொன்னான். "தலைத் திதிக்கு நீ வந்துடு. அத நீதான் குடுக்கணும். நான் தள்ளி நின்னுக்கறேன்."

ஓராண்டு முழுவதும் நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

3

புகார் இணையத்தில்தான் கொடுக்க வேண்டும். காரணத்தை ஒரு பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னது. பெட்டி தொலைந்தது, உணவு சரியில்லை, இருக்கை மாறியது, தாமதம். மரணம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டால் இருநூறு எழுத்துக்குள் விளக்கவும் என்று ஒரு கட்டம் திறந்தது. நான் எழுதியது எழுநூறு எழுத்து. ஒவ்வொரு சொல்லாக வெட்டினேன். கடைசியில் விமானம் தாமதம், தந்தையின் இறுதிச் சடங்கு தவறியது என்று மட்டும் மிஞ்சியது. அதை ஆங்கிலத்தில் பார்த்தபோது யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'அன்புள்ள திரு. கோவிந்தசாமி அவர்களே, உங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.'

கோவிந்தசாமி என் அப்பா. நம் ஊரில் கோ. என்ற ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னால் இருந்தவர், கடவுச்சீட்டில் முழுதாக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து இந்த நாட்டின் வங்கி, குடிநுழைவு அலுவலகம், மருத்துவமனை எல்லாவற்றிலும் என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு எழுந்து போயிருக்கிறேன். ஆனால் அவர் செத்ததற்கு அவரிடமே வருத்தம் தெரிவித்த கடிதம் இது ஒன்றுதான்.

அதே முறைப்படி என் மகள் யாழினியின் வவுச்சர், மிஸ் ராஜேந்திரன் என்று என் பெயருக்கு வந்தது. வந்த மூன்றாவது மாதம் கல்லூரித் தோழிகளோடு லங்காவிக்குப் பதிவு செய்துவிட்டாள்.

"தாத்தாவுக்காகக் குடுத்ததும்மா அது."

"ப்பா, தாத்தாவுக்காக குடுக்கல. டிலேக்கு குடுத்தது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "யூஸ் பண்ணலன்னா எக்ஸ்பயர் ஆகும் லா. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அப்பாவை அவள் வாழ்நாளில் ஐந்து முறை பார்த்திருக்கிறாள். மொத்தம் அறுபத்து மூன்று நாள். கணக்கு என்னிடம் இருக்கிறது. லங்காவியிலிருந்து எனக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தாள்.

4

கிள்ளானில் என்னிடம் திதி கேட்டு வருபவர்கள் உண்டு. இது எப்படித் தொடங்கியது என்று எனக்கே தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் வாங்குவேன். யாரோ ஒருவருக்குப் பார்த்துச் சொன்னேன். அவர் இன்னொருவரை அனுப்பினார். இப்போது ஒரு தடித்த நோட்டு நிறைந்திருக்கிறது. ஆளுக்கொரு பக்கம். பெயர், இறந்த கிழமை, நேரம், மாதம், பிறை, திதி. கீழே இரண்டு கட்டம்: கொள்ளி வைத்தவர், திதி கொடுத்தவர்.

பக்கத்தின் ஓரத்தில் ஓர் எழுத்து இருக்கும். 'ம' என்றால் அந்த நேரம் மலேசிய நேரம். 'இ' என்றால் இந்திய நேரம். பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் அச்சாவது. 'ம' போட்ட பக்கங்களுக்கு இரண்டரை மணி நேரம் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். திதி என்பது நடு இரவில் மாறுவதில்லை. காலை, மாலை என்று எந்த நேரத்திலும் மாறும். இரண்டரை மணி நேரத்தில் ஒருவருடைய நாளே மாறிவிடலாம். அதனால் வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம டைமா, ஊர் டைமா?" என்பதுதான்.

அப்பாவின் திதியையும் இதே நோட்டில்தான் பார்த்தேன். அன்று காலை 5.40 வரை சஷ்டி, பிறகு சப்தமி. அப்பா போனது 7.20. ஆகவே ஆவணித் தேய்பிறை சப்தமி. இந்த ஆண்டு அது பன்னிரண்டு நாள் முன்னதாக, ஒரு வியாழக்கிழமையில் வந்தது. வவுச்சரின் ஓராண்டுக்குள் பயணம் முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முடியும். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சமே இருந்தது. அப்பாவுடைய நாளுக்கு அப்பா பெயரில் வந்த சீட்டிலேயே போகிறேன் என்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு திருப்திகூட ஏற்பட்டது.

வவுச்சருக்கு ஒதுக்கிய இருக்கை செவ்வாய்க்கிழமை இல்லை. புதன்கிழமை காலைதான் கிடைத்தது. யாழினி மூன்று நிமிடத்தில் பதிவு செய்து கொடுத்தாள். மாற்றவோ திருப்பித் தரவோ முடியாது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

நான்கு நாள் கழித்துச் சேகர் கூப்பிட்டான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். நம்ம ஐயரு திதி புதன்கிழமைன்றாரு. சஷ்டியாம்."

"எந்த ஐயரு?"

"கருமாதி பண்ணாரே, அவருதான்."

"அவரு தினசரிக் காலண்டரக் கிழிச்சிப் பாத்துச் சொல்லியிருப்பாரு. நான் நிமிஷக் கணக்கா போட்டுப் பாத்திருக்கேன் சேகர். சப்தமி. வியாழக்கிழமைதான்."

"சரி."

"டிக்கெட்டும் எடுத்தாச்சு. இது வவுச்சர் டிக்கெட்டு, மாத்தவும் முடியாது."

"சரிண்ணா. நீ வந்தா போதும்."

கணக்கின்மேல் இருந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு உறுதியாகப் பேசினேன் என்று அன்று நினைத்தேன். டிக்கெட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

5

புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வந்தவாசி போய்ச் சேர்ந்தேன். பின்கட்டில் பெரிய அண்டாவும் இரண்டு தவலைகளும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. நாளைக்குத் தயாராகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சேகரின் மனைவி சாந்தி எனக்குச் சூடாக இட்லி வைத்தாள். "களைச்சிப் போயிருப்பீங்க மாமா, சாப்பிட்டுப் படுங்க" என்றாள்.

படுப்பதற்கு முன் மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சொல்லிப் பார்த்தேன். அப்பா கோவிந்தசாமி, அவர் அப்பா முனுசாமி, அவர் அப்பா ஏழுமலை. திதி கொடுக்கும்போது புரோகிதர் கேட்பார். தடுமாறக் கூடாது.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு ஐயர் வந்தார். என் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. தர்ப்பையைக் கொடுத்தார், எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார், பிண்டத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னார். இருபத்தைந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். பெயர்களை அவர் கேட்கவே இல்லை.

"ஐயரே, பேருங்க…"

"மனசுல நெனச்சிண்டீங்க இல்ல, போதும்" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டார்.

அப்பா படத்தில் புது மாலை போட்டேன். அடியில் ஏற்கெனவே ஒரு மாலை இருந்தது. சற்றே வாடியது; காய்ந்ததல்ல. சாந்தி அடிக்கடி போடுவாள் போலிருக்கிறது என்று நினைத்து அவளை மனதுக்குள் வாழ்த்தினேன்.

இலையில் சோறு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். காகம் வரவில்லை. கூப்பிட்டேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"வரும் மாமா. அதுங்களுக்கு இன்னிக்கிப் பசி கம்மியா இருக்கும்" என்றாள் சாந்தி.

சேகர் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் சிரித்தேன். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

பதினெட்டு நிமிடம் கழித்து ஒரு காகம் வந்தது. நான் கொடுத்த சோற்றை அப்பா எடுத்துக்கொண்டார். அப்படித்தான் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். நோட்டில் அப்பாவின் பக்கத்தைத் திறந்து, 'திதி கொடுத்தவர்' என்ற கட்டத்தில் ராஜேந்திரன் என்று என் பெயரை எழுதினேன். ஓராண்டாக வெறுமையாக இருந்த கட்டம்.

6

திரும்பி வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மணியம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். அவருடைய அக்கா தஞ்சாவூருக்குக் கல்யாணம் கட்டிப் போனவர், அந்த வாரம் அங்கே இறந்திருந்தார்.

"காலையில ஆறே கால் boss. எழுதிக்குங்க."

"நம்ம டைமா, ஊர் டைமா?"

"செத்தவங்களுக்கு எந்த டைமா இருந்தா என்ன boss?"

"நாளே மாறிடும்ணே. யோசிச்சிச் சொல்லுங்க. போன் எப்ப வந்துச்சு?"

"அப்பதான் கடையில உக்காந்து ரோட்டி சானாய் பிச்சு வாயில வைக்கிறேன், போன் அடிக்குது. கடைக் கடிகாரத்தப் பாத்தேன். ஆறே கால்." கொஞ்சம் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் சாப்பிடல."

"அப்ப நம்ம டைம். அங்க மூணே முக்கால்."

"உங்களுக்கு மட்டும் எப்படி boss இதெல்லாம் ஞாபகம் இருக்கு? நாங்க எல்லாம் நம்ம செவுத்துல உள்ள கடிகாரத்தப் பாத்துட்டு அப்படியே சொல்லிப்புடுறோம்."

ஓரத்தில் 'ம' என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. சமையலறைச் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கடிகாரம்தான்.

மணியம் அண்ணனை எப்படி அனுப்பினேன் என்று நினைவில்லை. பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். எத்தனையோ குடும்பங்களின் பக்கங்கள். ம, இ, இ, ம, ம. ஒன்றுகூட விடுபடவில்லை. அப்பாவின் பக்கத்தில் மட்டும் ஓரம் வெறுமையாக இருந்தது. யாராவது என்னிடம் வந்து உட்கார்ந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதால் கேட்கவில்லை.

7.20-இல் இரண்டரை மணி நேரம் போனால் 4.50. அப்போது சஷ்டி. ஐயர் சொன்ன புதன்கிழமை.

அந்தப் புதன்கிழமை காலையில் நான் விமானத்தில் இருந்தேன். அப்பாவுக்கு அன்று யாரும் ஒரு பிடி சோறு வைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு, ஒரு வீடே அவரை ஒரு நாள் பசியோடு உட்கார வைத்துவிட்டது. அப்படித்தான் அன்று நம்பினேன்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எனக்கு மட்டும்தானே தெரியும். வியாழக்கிழமை திதி என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஐந்தாம் நாள் கிடங்கில், காலாவதியான ஒரு பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, மதிய இடைவேளையில் சேகரைக் கூப்பிட்டேன்.

7

அவன் அரிசி மண்டியில் இருந்தான். மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"சேகர், அப்பா போனப்ப அங்க மணி எத்தினி?"

"அஞ்சாவறதுக்குப் பத்து நிமிஷம். ஏண்ணா?"

"அப்ப புதன்கிழமைதான்டா. ஐயர் சொன்னதுதான் சரி. நான் இங்கத்திய மணிய வெச்சிப் பாத்துட்டேன்."

அவன் யாரிடமோ இரு இரு என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாத இடத்துக்கு நகர்ந்தான் போலிருக்கிறது.

"தெரியும்ணா."

"தெரியும்னா?"

"புதன்கிழமையே குடுத்துட்டோம். காலையிலயே. பங்காளிங்க எல்லாம் வந்து சாப்புட்டுப் போனாங்க. நீ வர்றதுக்குள்ள பாத்திரம்லாம் கழுவி வெச்சிட்டா சாந்தி."

"அப்ப வியாழக்கிழமை?"

"அது உனக்காகப் பண்ணது."

இறக்கி வைத்த பெட்டியின்மேலேயே உட்கார்ந்தேன். அந்த ஐயர் ஏன் பெயர் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"அவரு மொதல்ல ஒத்துக்கவே இல்லண்ணா. ஒரே ஆளுக்கு ரெண்டு தபா குடுக்கக் கூடாதுன்னாரு. நான்தான் கெஞ்சினேன். பேரு சொல்லாம வேணா பண்ணி வைக்கறேன்னாரு."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"நீ டிக்கெட் எடுத்துட்டேன்ன. மாத்த முடியாதுன்ன. வர்றவன்கிட்ட, வந்து நிக்கறப்ப, முடிஞ்சிடுச்சி முடிஞ்சிடுச்சின்னு எத்தினி வாட்டிணா சொல்றது?"

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் சரியான நாளைக்கு வந்துவிடுகிறேன், சொந்தக் காசில், இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன்.

"நாளப்பத்தி நீ கவலப்படாத. எந்த நாள் வரேன்னு மட்டும் சொல்லுண்ணா. உனக்கு ஒண்ணு பண்ணிக்கலாம்."

அவன் குத்திக்காட்டவில்லை. என் தம்பியின் குரல் எனக்குத் தெரியும். பந்தியில் இடம் பிடித்து வைக்கிறேன் என்று சொல்வதுபோல, உண்மையான அன்போடு சொன்னான். லோரி வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டான். ஆறு நிமிடம் பத்து நொடி.

இன்று காலை செல்வி வேலைக்குப் போன பிறகு நோட்டை எடுத்தேன். அப்பாவின் பக்கத்து ஓரத்தில் 'ம' என்று எழுதினேன். சப்தமியை அடித்து சஷ்டி என்று திருத்தினேன். 'திதி கொடுத்தவர்' என்ற கட்டத்தில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு, சேகர் என்று எழுதினேன்.

அதற்கு மேலே, 'கொள்ளி வைத்தவர்' கட்டத்திலும் அதே பெயர்தான் இருக்கிறது.